நாற்பது தோலில் ஒரே புள்ளி

ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் தோலில் குறை தேடும் கேமராவைப் பார்க்கும் மோகனாவிடம் சூப்பர்வைசர் வசந்த் எகிறினான். "நாப்பதும் ரிஜெக்ட்டா? இன்னாம்மா பாக்கறே?"

நாற்பது தோலிலும் வெள்ளைப் புள்ளி, திரையில் ஒரே இடத்தில்.

"நாப்பது ஆட்டையும் உண்ணி ஒரே எடத்துலயா சார் கடிக்கும்? கோளாறு கேமராலதான்."

லென்ஸை உள்ளங்கையால் மூடினாள். இருட்டிலும் புள்ளி எரிந்தது.

கெட்ட புள்ளியைக் குறித்துக் கொடுத்தால், அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்து கேமராவே நிரப்பிக்கொள்ளும். இருந்த ஆத்திரத்தில் மோகனா அதைச் சுற்றிப் பெரிய வட்டமாகவே போட்டுவிட்டாள்.

பதினைந்து தோலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பதினாறாவதைத் தற்செயலாகத் தடவியபோது விரல் குழியில் இடறியது. நிஜமான உண்ணிக்கடி. திரையில் அந்த இடம், அவள் போட்ட வட்டத்துக்குள், வழுவழுவென்று இருந்தது.

முந்தைய பதினைந்தும் தடவிப் பார்க்காமலேயே வெட்டும் மெஷினுக்குப் போய்விட்டன.

"சார்..." என்றாள்.