மிளகாய் காயவைத்த ஃப்ரிட்ஜ்

மா போங்சிக்கின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்கு ஒரு பழைய பஸ்ஸின் கதவுதான் கதவு. உள்ளே அவன் உட்காருவது லாரி டிரைவர் சீட்டில். நாய் படுப்பது வாஷிங்மெஷின் தொட்டியில். தென்கொரியாவில் நாஜு பக்கத்து அந்த ஊரில் எவராவது எதையாவது தூக்கிப் போடப் போனால், போடுவதற்கு முன்னால் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள், போங்சிக் வருகிறானா என்று. வருவான்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். வாலிபக் காலம் மீன்பிடிக் கப்பலின் எஞ்சின் அறையில் போனது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் எந்தக் கடைக்குப் போவது? கையில் கிடப்பதை வைத்துத்தான் கிளப்பணும். அந்தப் புத்தி கரைக்கு வந்தும் போகவில்லை.

அவன் மனைவி மல்சுனுக்கு அந்தக் கொட்டகையைக் கண்டாலே ஆகாது.

அந்த வருஷம் மிளகாயைப் பறித்து முற்றத்தில் தார்ப்பாயில் பரப்பின கையோடு மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. மிளகாய் நமுத்துப்போய், காம்படியில் பூசணம் எட்டிப் பார்த்தது. குளிர் இறுகுவதற்குள் முட்டைக்கோஸில் கிம்ச்சி ஊறுகாய் போட்டாகணும். சியோலில் இருக்கும் இரண்டு மகள்கள் வீட்டுக்கும் சேர்த்து, வருஷம் முழுக்கத் தின்பதற்கு. அதற்கான மிளகாய்ப் பொடி மொத்தமும் அந்தத் தார்ப்பாயில்தான் கிடந்தது. அடுத்த வீட்டு பியோ கில்தேயிடம் கடையில் வாங்கின உலர்த்தும் மெஷின் உண்டு. ஆனால் அது அவர் மிளகாய்க்கே போதவில்லை.

"விடு, நான் ஒண்ணு செஞ்சுடறேன்," என்றான் போங்சிக்.

"செய்வ. ஆனா கேட்டுக்கோய்யா, இந்த மிளகா வீணாச்சுன்னா, பழைய சாமான் வண்டி அடுத்த தடவ மைக்குல கத்திக்கிட்டு வர்றப்ப உன் கொட்டாய மொத்தமா ஏத்திவிட்டுருவேன். தொட்டியையும் சேத்து."

"நாயையுமா?"

"நாய் சொன்ன பேச்சக் கேக்குது. அது இருக்கட்டும்."

மூடிப்போன ஒரு சாப்பாட்டுக்கடையிலிருந்து எப்போதோ இழுத்து வந்த ஆளுயர ஃப்ரிட்ஜ் ஒன்று மூலையில் நின்றது. அதன் கம்ப்ரஸரைக் கழற்றினான். எறியவில்லை, அலமாரியில் வைத்தான். அடியில் ஓட்டை போட்டு ரூம் ஹீட்டரின் சுருளைப் பொருத்தினான். அதற்குப் பின்னால் சமையலறைப் புகை இழுக்கும் ஃபேன். ஈரம் போக உச்சியில் ஒரு குழாய். தட்டுகளுக்கு ஜன்னல் கொசுவலைச் சட்டங்கள். சூடு எகிறாமல் இருக்க இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டை எடுத்து, துணிக்கான சூட்டை மிளகாய்க்கான சூடாகத் திருகித் திருகி இறக்கினான். சுவிட்சைப் போட்டதும் காற்று கதகதவென்று வந்தது.

விடிந்ததும் மல்சுன் கதவைத் திறந்து ஒரு கை மிளகாயை அள்ளி மோந்தாள்.

"யோவ், அந்தச் சாப்பாட்டுக்கடையில என்னய்யா வித்தாங்க?"

போங்சிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. புளிக்க ஊறப்போட்ட திருக்கை மீன். கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற அந்த நாற்றத்துக்கு அந்தப் பக்கம் உயிரையே கொடுப்பார்கள். பிறந்ததிலிருந்து பழகின மூக்கு, ஃப்ரிட்ஜை இழுத்து வந்த அன்றைக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சூடு பட்டதும் பிளாஸ்டிக்கில் ஊறியிருந்ததெல்லாம் மிளகாயில் ஏறிவிட்டது.

"சியோல் சம்பந்திங்க இந்தக் கிம்ச்சிய வாயில வச்சா, மறுநாளே நம்ம பொண்ணு பொட்டியோட இங்க நிப்பா!"

மதில் மேல் கில்தேயின் தலை தெரிந்தது. "என்ன தம்பி, மிளகா காயப் போட்டியா, மீன் வளக்கிறியா?"

"சிரிங்க அண்ணே. உங்க மெஷின் நின்னா இங்கதான் வரணும்."

அவன் அசரவில்லை. கடலில் எஞ்சின் முதல் உதையிலா கிளம்பியது? ஃப்ரிட்ஜின் உள்தோலை முழுக்க உரித்தான். கதவு ரப்பரைப் பிய்த்தெடுத்தான். சமையல் எண்ணெய்த் தகர டின்களை வெட்டி, தட்டி, கொதிதண்ணீரில் கழுவி உள்ளே அறைந்தான். ரப்பருக்குப் பதில் கிழிந்த கம்பளியை மடித்து ஒட்டினான். மிளகாய் போடாமல் வெறுமனே சூடேற்றி, "இப்ப வா," என்று கூப்பிட்டான். மல்சுன் தலையை உள்ளே விட்டு மோந்தாள். நேராகப் போய் அடுத்த கூடை மிளகாயைத் தூக்கி வந்தாள்.

அந்த ஈடு காய்ந்ததும் ஒரு மிளகாயைக் காதருகே வைத்து ஆட்டினாள். விதை கலகலவென்றது. வெளியே இன்னும் மழை.

முதல் ஈட்டை அவள் குப்பையில் கொட்டப் போனபோது கில்தே மதிலைச் சுற்றி ஓடிவந்தார். "கொட்டாத தங்கச்சி! எனக்குக் குடு. சாராயத்துக்குத் தொட்டுக்க இத விட என்ன வேணும்?"

தார்ப்பாயில் இன்னும் பாதி மிளகாய் கிடந்தது. ஒரே பெட்டி எத்தனைக்குத்தான் ஈடு கொடுக்கும்? அந்தச் சமயம் பார்த்துத் தெருமுனையில் மைக் கத்தியது: பழைய டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் எடுக்கிறோம்...

மல்சுன் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். போங்சிக் கொட்டகை வாசலில் நின்று பார்த்தான். வண்டிக்காரன் இறங்கி, "என்னம்மா போடணும்?" என்றான்.

"போடறதுக்கு ஒண்ணுமில்ல. மேல ஃப்ரிட்ஜ் இருக்கா?"

"மூணு இருக்கு."

அவள் குடையை வண்டிக்காரன் கையில் திணித்துவிட்டு வண்டி மேல் ஏறினாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து தலையை உள்ளே விட்டாள்.

"இதுல திருக்கை. இதுவும் திருக்கை," என்றாள். மூன்றாவதில் கொஞ்சம் அதிகநேரம் மோந்தாள். "யோவ் போங்சிக், நின்னு பாத்தது போதும். வந்து இத ஒரு பக்கம் பிடி."