கரிசலில் மேய்ந்த பள்ளிக்கூடங்கள்

புதூர் பக்கம் பருத்தி எடுத்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். விடிந்ததும் ஆடுகளைப் பத்திவிடும்போது போன் அடித்தது. அண்ணாச்சியின் மகள் மல்லிகா. "சித்தப்பா, அப்பா போயிட்டாவ" என்றாள். ஆடுகள் அதுபாட்டுக்குப் போய்விட்டன. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சீனிவாசகம் அண்ணாச்சியை உங்களுக்கெல்லாம் தெரியும். பிலிப்பைன்ஸில் ஒரு தீவுக் கல்லூரியில் வரலாறு நடத்தி, வயசான பிறகு இடைசெவலுக்குத் திரும்பியவர். அந்தத் தீவில் பள்ளிக்கூடங்கள் எப்படி வந்தன என்று ஊர் ஊராகக் கேட்டு வைத்திருந்தார். புத்தகமாக எழுதப் போகிறேன் என்பார். எழுதவில்லை, சாயங்காலமானால் ஆடு மேயும் இடத்துக்கு வந்து என்னிடம் சொன்னார். எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்ல மல்லிகாதான் எழுதுகிறாள். ஆனால் காதில் விழுந்தது எதுவும் என்னைவிட்டுப் போனதில்லை.

அந்த ஊர்ப் பேர்கள்தான் என் வாயில் நுழையவில்லை. அதனால் பள்ளிக்கு ஒரு ஆடு என்று வைத்துக்கொண்டேன். சாமியார்கள் செபம் சொல்லிக்கொடுத்த பழைய பள்ளிக்கூடம், கிழட்டு ஆடு. கப்பலில் வந்திறங்கிய அமெரிக்க வாத்தியார்கள் இங்கிலீஷ் நடத்தியது, வெள்ளைச்சி. பல்கலைக்கழகம், என் பெரிய கிடா. ஜப்பான் சண்டையில் மலைக்கு ஓடிய ஜனங்கள் குடிசையில் நடத்தியது, நொண்டி.

ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் கிடாவை விற்றுவிட்டேன். மறுநாள் அண்ணாச்சி மந்தையைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"ஏலே சுப்பையா, பல்கலைக்கழகம் எங்கல?"

"வித்துட்டேன் அண்ணாச்சி. நல்ல வெல வந்துச்சு."

"அட பாவிப்பயலே! பிரியாணிக்கா குடுத்த?" சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. "சரி விடு. அங்கன புயல் தூக்கிட்டுப் போன பள்ளிக்கூடத்த அடுத்த மேட்டுல கட்டிக்கிடுவாவ. அந்தா நிக்கான் பாரு கறுப்பன், அந்தப் பேர அவனுக்கு வையி."

"பள்ளிக்கூடம் எப்ப வந்துச்சுன்னு எவனும் சொல்லிருவான். அதக் கட்ட மூங்கில யாரு சொமந்தான்னு கேளு" என்று அடிக்கடி சொல்வார்.

பிறகு மறதி வந்தது. முதலில் தீவின் பேர் போனது. அப்புறம் அவர் வேலை பார்த்த கல்லூரி. "எழுதாமலே எல்லாம் அப்பாவோட போயிருமே சித்தப்பா" என்று மல்லிகா அழுதாள். அதன் பிறகு தினமும் நான் அவர் வீட்டுக்குப் போய், அவர் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். ஏதோ ஊர்க்கதை கேட்பது மாதிரி என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் படுக்கையில் விழுந்தார். மகளையே "யாரும்மா நீ?" என்று கேட்டார். எனக்கு என்னமோ தோன்றி, நொண்டியை ஓட்டிவந்து ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். வெகுநேரம் பார்த்தார்.

"மலை ஏறி வந்துட்டாளா?" என்றார். "சிலேட்டு இல்லல. வாழை எலையில குச்சி வச்சுக் கீறி எழுதுனாவ. எலை காஞ்சா பாடமும் போயிரும். அதனால பிள்ளைக அன்னன்னைக்கே மனசுல ஏத்திக்கிட்டு எறங்குச்சுக."

நிறுத்தி, என்னைப் பார்த்து, "ஒனக்கு ஏறிருச்சால?" என்றார்.

"ஏறிருச்சு அண்ணாச்சி."

கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது சாயங்காலம் மல்லிகா நோட்டும் பேனாவுமாகக் காட்டுக்கு வருகிறாள். கிழட்டு ஆட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். நேற்று அவள் இருக்கும்போதே ஒரு வியாபாரி வந்து நொண்டியின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இத வச்சு என்ன செய்யுதீரு? தள்ளிவிடும்."

"அது விக்கிற ஆடு இல்ல, வே."

"பின்ன?"

"பள்ளிக்கூடம்" என்றேன்.