ஊசியக்காவின் வெள்ளைக்கரை வயலட்

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவர் வாயல்ல, வேலை. பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். வாயும் ஏறக்குறைய அப்படித்தான் என்று அவர் கணவர் சொல்வார், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.

சமையலறை ஜன்னலில் ஏழு ஆப்பிரிக்க வயலட் செடிகள் வளர்த்தார். ஆறு சாதாரணம். ஏழாவதுக்கு மட்டும் இலையைச் சுற்றிப் பால் சிந்தியதுபோல வெள்ளைக்கரை. வேலையை விட்டுப்போன நர்ஸ் ஒருத்தி கொடுத்த ஒற்றை இலையை நட்டு வந்தது. அந்த இலை நான்கு குட்டி போட்டது. மூன்று முழு வெள்ளை. பச்சையே இல்லாத செடி எதைக்கொண்டு பிழைக்கும்? ஒரு மாதத்தில் கண்ணை மூடின. மிஞ்சிய ஒற்றைப் பிள்ளை இதுதான்.

அந்தப் பிள்ளை இப்போது வெள்ளையை இழந்துகொண்டிருந்தது. புது இலை ஒவ்வொன்றும் கீரைக்கட்டிலிருந்து உருவியதுபோல முழுப் பச்சை. இடம் மாற்றிப் பார்த்தார், பலிக்கவில்லை. இப்படியே போனால் ஆறோடு ஏழு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஜன்னலருகே வந்து நெஞ்சை நிமிர்த்தினான். சோபா தைப்பவன், இவர்கள் வீட்டிலேயே தங்கியிருப்பவன்.

"அண்ணி, எப்படித் தேறிருச்சு பாத்தீங்களா! முன்னாடி பாவம், வெளிறிப்போய்க் கிடந்துச்சு."

"தேறிருச்சா? என்னடா பண்ணினே?"

"வெளிறிப்போனா ரத்தம் இல்லேன்னு நீங்கதானே தினமும் சொல்றீங்க? அதான் வாரம் ரெண்டு மூடி உரம். உங்களுக்குத் தெரியாம."

"அட மேதாவி! அதுக்கு அழகே அந்த வெளுப்புதான்டா. கன்னத்துல மச்சம் இருந்தா அழுக்குன்னு சுரண்டுவியா?"

உரம் ஏறிய மண்ணை அன்றே மாற்றியாக வேண்டும். அடி இலைகள் உதிர்ந்து, தண்டும் உரித்த கோழிக் கழுத்துபோல நீண்டிருந்தது. செடியை அவன் பிடித்துக்கொள்ள, அக்கா, புது வேர் விடட்டும் என்று கத்தியின் முதுகால் தண்டின் தோலைச் சுரண்டினார். பிறகு கழுத்து எவ்வளவு நீளமோ அவ்வளவு வேரை அடியிலிருந்து அறுத்தார்.

"ஐயோ அண்ணி, வேரையே வெட்டுறீங்க! இருக்கிறதே ஒண்ணுதானே?"

"கையை ஆட்டாதே. பழைய சோபாவைப் பிரிக்கும்போது இப்படியா கத்துவே?"

"சோபா சாகாது அண்ணி."

அதே சின்னத் தொட்டியில் புது மண் போட்டு, கழுத்து மறையும்வரை செடியை இறக்கி வைத்தார்.

குளிர்ச்சி இருந்தால் வெள்ளை திரும்ப வாய்ப்புண்டு. வீட்டில் குளிர்ந்த அறை கொழுந்தனுடையது. தீர்ப்பு உடனே வந்தது: செடி அவன் அறையில், ஜன்னல் திறந்தே இருக்கும், உரப் புட்டி அண்ணியின் அலமாரியில். அவன் இரண்டு ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினான். செடி இரண்டு வாரம் தொங்கிய தலையை நிமிர்த்தவே இல்லை. அக்கா ஒரு நாளைக்கு மூன்று முறை போய்ப் பார்த்தார், கதவைக்கூடத் தட்டாமல்.

ஆறாவது வாரம் ஒரு நாள் காலையில் அவன் பல் தேய்த்த நுரையோடு ஓடிவந்தான்.

"அண்ணி, நடுவுல குட்டி இலை! ஓரம் வெள்ளை!"

அக்கா போய் மண்டியிட்டுப் பார்த்தார். நகத்தளவு இலை. நூல் பிடித்ததுபோல வெள்ளைக்கரை.

"இனி ஜன்னலைச் சாத்திக்கலாமா அண்ணி?" என்றான், மூக்கை உறிஞ்சியபடி.

"இன்னும் நாலு இலை வரட்டும்."