நீல ஸ்டிக்கர்காரன்

சிறுவயதிலிருந்தே எனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலுக்குப் பின்னால், அண்டா கழுவும் இடத்தில்தான் நிற்பேன். பேசத் தெரியாமல் இல்லை. நாலு பேர் சூழ்ந்து நின்று, எப்போது வந்தாய், எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்று ஆரம்பித்தால் எனக்குள் ஏதோ வற்றிப்போகும், அவ்வளவுதான். அப்பா அதைத் திமிர் என்றார். அக்கா வீட்டுக்காரர் ஐடி கம்பெனிக் கொழுப்பு என்றார். நானும் அதைப் பாதி நம்பியிருந்தேன். என்னிடம் ஏதோ குறை இருக்கிறது, அதை மூடி மறைத்துக்கொண்டு திரிகிறேன் என்கிற நினைப்பு நாற்பதை நெருங்கும்வரை எனக்கு இருந்தது.

அதை ஒரே நாளில் மாற்றியது எங்கள் ஆபீஸ் நடத்திய ஒரு பயிற்சி. சிறுசேரியில் எங்கள் தளத்தில் வேலை செய்த எல்லோரையும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு நாங்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அறுபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்கள். விருந்துக்குப் போனால் பலரிடம் பேசுவீர்களா, தெரிந்த ஓரிருவரிடம் மட்டும் பேசுவீர்களா என்கிற மாதிரி. டிக் அடித்துக் கொடுத்தால் நீங்கள் எந்த வகை ஆள் என்று சொல்லிவிடுவார்களாம்.

என் பக்கத்தில் என் நண்பன் உட்கார்ந்திருந்தான். செங்கல்பட்டிலிருந்து கம்பெனி வேனில் ஆறு வருஷமாக ஒரே சீட்டில் வந்துபோகிறவர்கள் நாங்கள். அவன் கடப்பாக்கத்துக்காரன், வேலைக்காகச் செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவன் என் தாளை எட்டிப்பார்த்தான்.

"இன்னா மச்சான் போட்ட? காட்டு."

"எதுக்குடா? இது இன்னா பரீட்சையா, காப்பி அடிக்க?"

"காப்பி இல்ல. நீ எத போட்றியோ அதுக்கு ஆப்போசிட்டா நான் போட்றேன். ரெண்டு பேரும் ஒரே டைப்னு வந்துச்சின்னா வேன்ல யாருதான் பேசறது? டிரைவர் அண்ணாத்த தூங்கிடுவாரு."

அப்படியே செய்தான். நான் இடது பக்கம் அடித்தால் அவன் வலது பக்கம். கேள்வியைக்கூடப் படிக்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். பின்னால் நடந்ததற்கெல்லாம் என்ன சாக்குச் சொன்னாலும், இதைப் பார்க்கவில்லை என்று மட்டும் நான் சொல்ல முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு வந்தது. நான் உள்முகம். இன்ட்ரோவர்ட். பயிற்சி கொடுத்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்கள மாதிரி ஆளுங்களுக்குக் கூட்டம்னா சக்தி எல்லாம் கரைஞ்சிடும். அது உங்க தப்பே இல்ல. நீங்க அப்படித்தான்" என்று சிரித்தபடி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு நீல ஸ்டிக்கர், வெளிமுக ஆட்களுக்கு மஞ்சள். ஆபீஸ் அடையாள அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நண்பனுக்கு மஞ்சள் வந்தது. அவன் அதைத் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிக்கொண்டான். நான் என்னுடையதை அட்டையின் நடுவில், போட்டோவுக்குப் பக்கத்தில், ஓரம் கோணாமல் ஒட்டினேன்.

அதன்பிறகு எனக்குத் துளிர் விட்டுப்போனது. மச்சினி குழந்தையின் காது குத்துக்குப் போகவில்லை. தெருவில் நடந்த கூழ் வார்ப்புக்குப் போகவில்லை. கேட்டால் என் டைப்புக்கு அது ஒத்துவராது என்பேன். என் மனைவி ஒருநாள் அடையாள அட்டையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "முன்னெல்லாம் வரலன்னா மூஞ்சாவது சுண்டிப் போயிருக்கும். இப்ப டாக்டர் சீட்டு கணக்கா இத காட்டிகினு சுத்துற" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்னைப் புரியவில்லை, தாளுக்குப் புரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை வேனில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நண்பனின் அப்பா இறந்துவிட்டதாக குரூப்பில் செய்தி வந்திருந்தது. நெஞ்சுவலி. அவரை எனக்குத் தெரியும். சவுக்கும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்தவர். கடலை பிடுங்கும் சமயத்தில் அவித்த கடலையை ஒரு பை நிறைய மகனிடம் கொடுத்தனுப்புவார். மொத்த வேனும் திருப்போரூர் வரைக்கும் உரித்துக்கொண்டே போகும்.

எல்லோரும் ஆபீஸில் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு அதே வேனில் கடப்பாக்கம் போவதென்று முடிவானது. நான் வரவில்லை என்றேன்.

"நீங்க போங்க. எனக்கு சாவு வூடு ஒத்துக்காது. உங்களுக்குத் தெரியுமில்ல, நான் அந்த டைப் இல்ல."

டெஸ்டிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீதான்பா அவனுக்கு பக்கத்து சீட்டு" என்று மட்டும் சொன்னார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேன் போன பிறகு நண்பனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதினேன். நாற்பது நிமிஷம் ஆனது. அழித்து அழித்து எழுதினேன். அந்த அவித்த கடலையைப் பற்றிக்கூட அதில் ஒரு வரி இருந்தது. முடித்ததும் படித்துப் பார்த்தேன், நன்றாக வந்திருந்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. ஒருத்தன் அப்பாவைப் பாடையில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் என் வாக்கியத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவனிடமிருந்து கும்பிடும் கை ஒன்று வந்தது. மனசைச் சமாதானப்படுத்த ஒரு காரணமும் தயாராக வைத்திருந்தேன். அவன் மஞ்சள் ஆள். மஞ்சள் ஆட்களுக்குக் கூட்டத்தில்தான் தெம்பு வரும். நூறு பேர் சுற்றி இருப்பார்கள், நான் ஒருவன் போகாதது அவனுக்குத் தெரியவா போகிறது?

காரியம் முடிந்து, மொட்டைத் தலையில் முடி லேசாக அரும்பிய நிலையில் அவன் வேனுக்கு வந்தான். வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். காதில் இயர்போன் இருந்தது, எடுக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு முன்சீட்டுக்காரனைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தான். பார்த்தாயா, மஞ்சள் ஆள், தேறிவிட்டான் என்று நான் நினைத்தேன்.

கார்த்திகையில், அவன் தங்கைக்குத் தையில் கல்யாணம் என்ற பேச்சு வேனில் அடிபட்டது. அப்பா இருக்கும்போதே பேசி முடித்த இடம். வருஷம் திரும்புவதற்குள் நடத்திவிட வேண்டும். கட்டாயம் போக வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். மனைவி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

"அவரு அப்பா செத்ததுக்குப் போனியா?"

"மெசேஜ் போட்டேன்."

"நேர்ல போயி துக்கம் கேட்டியா?"

கிரைண்டர் ஓரத்தில் சிந்தியிருந்த மாவை நான் விரலால் வழித்தேன்.

"துக்கம் கேக்காத வூட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சிகினு கல்யாணச் சோறு துன்னப் போவ? மொதல்ல போயி அத கேட்டுட்டு வா. கல்யாணம் அப்பறம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தூறல் பிடித்தது. கல்பாக்கம் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியபோது நன்றாகவே நனைந்திருந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தபடியே போனேன்.

வீட்டில் நண்பன் இல்லை, மண்டபம் பார்க்கப் போயிருந்தான். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. கூடத்தில் பாய் விரித்து, அவன் அம்மாவும் தங்கையும் கல்யாணப் புடவைகளைப் பிரித்துவைத்து, யாருக்கு எது என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் சொட்டச் சொட்ட நின்று, மகனுடன் வேலை செய்கிறவன் என்றேன். அப்பா காரியத்துக்கு வர முடியாமல் போய்விட்டது என்றும் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. புடவைகளை அள்ளி மகளிடம் கொடுத்தார். மகள் அவற்றைப் போர்வையால் மூடி உள்ளே கொண்டுபோனாள். அந்த அம்மா கணவரின் போட்டோவுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். துக்கம் கேட்க ஆள் வந்தால் அழுவதுதான் முறை. நாலு மாசம் அழுது முடித்து, அன்றைக்குத்தான் சிரித்துக்கொண்டிருந்தவர் எனக்காக மறுபடி முதலிலிருந்து அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து எட்டிப்பார்த்தாள். "இன்னாடி ஆச்சி?" என்று பதறிவிட்டு, விஷயம் தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தினி நாள் கழிச்சா வர்றது? கல்யாண வேல நடக்கற வூட்ல?" அவள் கேட்டதில் தப்பே இல்லை.

அழுகை ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா என்னை உற்றுப்பார்த்தார்.

"வேன்ல பக்கத்துல ஒக்கார்ற தம்பி நீதானா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கி உங்க ஆபீஸ் வண்டி வந்து நின்னப்ப எழுந்து ஓடிப் போயி பாத்தாம்பா. எல்லாரும் எறங்கினாங்க. டிரைவர்கிட்ட போயி, இன்னும் யார்னா உள்ள கீறாங்களான்னு கேட்டான்."

என் சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வர்றவங்க எல்லாம் எப்ப ஆச்சி, எப்டி ஆச்சின்னு கேட்டுகினே இருந்தாங்க. பதில் சொல்ல முடில அவனுக்கு. அவன் சின்ன வயசுலருந்தே வாயத் தொறக்க மாட்டான். வூட்ல நாலு வார்த்த பேசினா பெரிய விசயம். 'அவன் வந்தா நல்லா இருக்கும்மா, ஒண்ணுமே கேக்க மாட்டான், பக்கத்துல கம்முனு ஒக்காந்துகினு இருப்பான்'னான். அதான் கேக்கறேன், நீதானா அதுன்னு."

அறுபது கேள்விக்கும் என் பதிலைப் பார்த்து மாற்றி மாற்றி அவன் டிக் அடித்தது அப்போது ஞாபகம் வந்தது. வேனில் அவன் பேசியதெல்லாம் நான் பேசாததால் பேசியது. எனக்குக் கூட்டம் ஆகாது என்று அந்தத் தாள் சொன்னது பொய்யில்லை, இன்றைக்கும் ஆகாது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் எனக்காகக் காத்திருந்தது கூட்டம் இல்லை, ஒரே ஒரு ஆள். அவனுக்கு வேண்டியிருந்ததும் எனக்குச் சும்மா வருகிற ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

அவன் வந்து பைக்கை நிறுத்தினான். என்னைப் பார்த்தான், அம்மாவின் முகத்தையும் பார்த்தான், புரிந்துகொண்டான். "மழையிலயா வந்துகீற? தல தொவட்டிக்கோ" என்று துண்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன், வார்த்தை வரவில்லை. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நாலு மாசம் தாமதமாக வந்த என் மௌனத்தால் யாருக்கும் பிரயோஜனம் இருக்கவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எந்த விசேஷத்திலிருந்தும் சொல்லாமல் நழுவுவதில் நான் கைதேர்ந்தவன். அன்றைக்கு மட்டும், வாசலில் செருப்பைத் தேடும்போது, போய்விட்டு வருகிறேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும்போல அடித்துக்கொண்டது. சொல்லாமல்தான் வந்தேன்.

மறுநாளே அட்டையிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டேன். இயர்போனைப் பைக்குள் வைத்தேன். அவனிடம் நானாக ஏதாவது கேட்கவும் ஆரம்பித்தேன். அவனும் சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னான்.

மூன்று வாரம் கழித்து அவன் வேனில் பத்திரிகை கொடுத்தான். எங்கள் பக்கத்தில் நெருங்கினவர்களுக்கு வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துத்தான் பத்திரிகை கொடுப்பார்கள். டெஸ்டிங் அக்கா வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் முந்தின நாளே அம்மாவோடு போய் வைத்துவிட்டு வந்திருந்தான். மற்றவர்களுக்கு வேனிலேயே கையில் கொடுத்துக்கொண்டு வந்தவன், கடைசியில் எனக்கும் ஒன்றை நீட்டினான்.

"வூட்டுக்கு வந்துதான் வைக்கணும் மச்சான். நைட்டெல்லாம் யோசிச்சேன். அம்மா, மாமா, சித்தின்னு ஒரு கூட்டமே வரும், ஒக்காருவாங்க, கேள்வி கேப்பாங்க. நீ பேஜாராயிடுவ. உன் டைப்புக்கு அதெல்லாம் ஒத்து வராதுல்ல, அதான் இங்கயே குடுத்துட்டேன். ஒண்ணும் நெனச்சிக்காத."

குரலில் குத்தல் துளிகூட இல்லை. எனக்காக நிஜமாகவே யோசித்திருந்தான். நான் பத்திரிகையை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் மனைவி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் தடவிய ஓரத்தை விரலால் தேய்த்தாள்.

"வூட்டுக்கு வந்து வைக்கலயா?"

"நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.