சராசரி மழையில் யாரும் நனைவதில்லை

பிலோமினா மேடம் போய்விட்ட செய்தி வந்தபோது, நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் மொட்டைமாடியில் மழைமானிக்குள் அடைத்திருந்த உமியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி அழைத்தார். "சார், அக்கா காலையில போயிட்டாக" என்றார். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கீழே லாரிக்காரர்கள் வழக்கம்போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கோபமாக வந்தது. மழைமானியை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதியில் விட்டுவிட்டு வந்தால் அவருக்குப் பிடிக்காது.

காரைக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில், ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் எங்கள் காலம் போனது. செயற்கைக்கோளிலிருந்து இறங்கி வரும் ரேடியோ சமிக்ஞையை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். எவ்வளவு மழைக்கு எவ்வளவு பலம் குறையும் என்று முன்கூட்டியே சொல்லும் கணித மாதிரியை நம் பக்கத்து மழைக்கென்று உருவாக்குவது எங்கள் வேலை. புத்தகச் சூத்திரங்கள் இருந்தன. அவை எங்கெங்கோ பெய்த மழையைச் சராசரி போட்டவை. நம் ஊர் மழையோ சாயங்காலம் இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். கண்டனூரில் கொட்டும்போது புதுவயலில் புழுதி பறக்கும்.

அந்தக் கண்டனூரில், பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டு மாடியில் அனுமதி வாங்கி டிஷ் வைத்திருந்தோம். செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருப்பதால் டிஷ் தாம்பாளம் போல் மல்லாந்து கிடக்கும். ஒரு பங்குனியில், பொட்டு மேகம் இல்லாத வானத்தில், சமிக்ஞை காலையில் சரிந்து சாயங்காலம் மீண்டது. மறுநாளும் அப்படியே. வெயிலில் காற்று கொதித்து அலையைக் குலைக்கிறது என்று மேடம் ஒரு சமன்பாடு எழுதினார். அது அச்சாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்தியதே அவருக்கு உறுத்தியது. என்னையும் இழுத்துக்கொண்டு கண்டனூர் போனார். வீட்டில் கல்யாணத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். டிஷ்ஷுக்குள் ஈர வேட்டி விரித்து, அதன்மேல் கூழ் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கார ஆச்சி பதறவே இல்லை. "சும்மாதானே கெடந்துச்சு. வெயிலு முழுசா விழுகுது. நடுவுல குச்சி நிக்கிறதால காக்காவும் வரல. எடுக்கணுமா?" என்றார்.

மேடம் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வடகத்துக்குச் சமன்பாடு எழுதிட்டேன் சார்" என்றார். அதை அவர் ஒளிக்கவில்லை. போகிற கருத்தரங்கில் எல்லாம் தானே சொல்வார். "கணக்கு ரொம்ப அழகாப் பொருந்துச்சுன்னா மாடிக்கு ஏறிப் பாருங்க" என்று முடிப்பார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள்.

பிறகு பக்கத்துச் சுகாதார நிலையத்தில், மதுரை மருத்துவர்கள் திரையில் நோயாளியைப் பார்த்துப் பேச ஒரு செயற்கைக்கோள் இணைப்பு வந்தது. மழைக்கு ஈடாக எவ்வளவு கூடுதல் பலம் வைப்பது என்று எங்களைக் கேட்டார்கள். எங்கள் கணக்குப்படி அதற்குப் பெரிய டிஷ் வேண்டியிருந்தது. புத்தகச் சூத்திரம் போதும், பெரிய டிஷ் எதற்கு என்றார் கூட்டத்தில் ஓர் அதிகாரி. நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். மேடம் எழுந்து நின்றார்.

"சராசரி மழையில யாரும் நனையிறதில்ல சார். கொட்டுற மழையிலதான் ஆம்புலன்ஸ் வராது, கரண்டு போகும், ஆளுக்கு முடியாமப் போகும். அன்னைக்குத்தான் இது நிக்கணும்."

பெரிய டிஷ் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படிப் பிடிவாதம். கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

அவருக்கே உடம்பு முடியாமல் போனபோது, ஸ்கேன் முடிவைச் சொல்ல மதுரை மருத்துவர் அந்தத் திரையில்தான் வந்தார். நான் துணைக்குப் போயிருந்தேன். பேச ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. திரையில் மருத்துவரின் முகம் கலையவில்லை, குரல் ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவர் மெதுவாக, தெளிவாகச் சொல்லி முடித்தார்.

வெளியே வந்து மழை விடக் காத்திருந்தோம்.

"ஒரு சொல்லு விடாமக் கேட்டுச்சு சார்" என்றார் மேடம். மழையைப் பார்த்தபடியே, "இன்னைக்கு ஒரு நாள் அறுந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க ஏன் அழுவுறீக, டிஷ்ஷு நின்னுச்சுல்ல" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

வீட்டுக்கு வந்து அந்த மழையைப் புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அதன்படி வைத்திருந்தால் இணைப்பு பாதியிலேயே அறுந்திருக்கும். சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிப் போனில் சொன்னேன்.

"தெரியும் சார், நானும் போட்டுப் பாத்தேன். நம்ம கணக்குத்தான் சரி" என்றார். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம். வேறொன்றும் இல்லை.

அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இடி இடித்து மழை கொட்டினால் இப்போதும் கல்லூரி மாடிக்கு ஏறி எங்கள் டிஷ்ஷைப் பார்க்கிறேன். அந்நேரம் சுகாதார நிலையத் திரையில் யாரோ ஒருவருக்கு மருத்துவர் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அது நல்ல சேதியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போய்ச் சேருமா என்ற கவலை எனக்கு இல்லை. அதை மேடம் பார்த்துக்கொண்டார்.