சீனத்துப் பாத்திரத்தில் வைத்த சோறு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சிரியுங்கள், ஆனால் நடந்தது.

இரண்டாயிரமாவது வருசத்துக்கு அப்புறம் நடந்ததுதான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி ஆபீசில் கூட்டிப் பெருக்கி டீ போடுகிற வேலை எனக்கு. என் அக்கா செல்வி அதே கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். முதலாளி மெஷின் பார்க்கச் சீனாவுக்குப் போனவர், வரும்போது ஒரு பழைய வெண்கலப் பாத்திரம் வாங்கி வந்து தன் அறை அலமாரியில் வைத்தார். மூன்று கால், இரண்டு பக்கமும் காது, வயிற்றில் முழித்துப் பார்க்கும் ஒரு மிருக முகம். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

"இதுவே இருநூறு முந்நூறு வருசத்துச் சாமான். அதுக்கும் ரொம்ப முன்னால, செத்தவுகளுக்குச் சோறு படைக்க அங்கன ராசாக்க ஒரு பாத்திரம் வச்சிருந்தாகளாம். அதப் பாத்து அச்சு அசலா வார்த்திருக்காக."

தீபாவளி சீசனில் அக்கா இருந்த அறை வெடித்து, அவளும் கூட வேலை பார்த்தவர்களும் செத்துப்போனார்கள். அவளைத் துணியில் கட்டித்தான் கொடுத்தார்கள். முதலாளி எங்கள் வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறு பிழைப்பு இல்லாமல் நானும் அவருக்கே டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆடி அமாவாசை மத்தியானம். முதலாளி இருக்கன்குடிக் கோவிலுக்குப் போயிருந்தார், ஆபீசில் யாரும் இல்லை. எனக்கு என்ன ஆங்காரமோ, அந்தப் பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்து, நான் கொண்டுபோன சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் அதில் கொட்டினேன்.

"இவுக ஒனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலக்கா. இவுக பாத்திரத்துலயே வந்து சாப்புடு."

அழுதேன். கதவைச் சாத்திவிட்டு, முகம் கழுவித் திரும்பி வந்தால் பாத்திரம் காலி. ஏசி அறை, ஜன்னல் திறப்பதே இல்லை, காக்கா பூனை நுழைய வழி கிடையாது. தொட்டுப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கியது போலக் கை சுட்டுவிட்டது. உள்ளே, சோற்றை வழித்துத் தின்ற விரல் தடங்கள். மருந்து அறையில் வேலை பார்ப்பவர்கள் கையில் ஒட்டிக்கிடக்குமே, வெள்ளி மாதிரி அலுமினியப் பவுடர், அந்தப் பவுடரில் பதிந்த தடங்கள். பெரிய விரல்களுக்கு நடுவே சின்னச் சின்னதாகவும் சில. ஏழெட்டு வயசுப் பிள்ளை விரல் போல, என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

நான் அசையாமல் இருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார்.

"என்னத்தா பண்ணுத?" என்று குனிந்து பார்த்தவர் முகம் வெளுத்துப்போனது.

"பெரிய வெரலு அக்காவும் அவ கூட்டாளிகளும், அண்ணாச்சி. இந்தச் சின்னது யாரு?"

"தொடச்சிரு."

"யாரு அண்ணாச்சி?"

"தொடச்சிருன்னு சொல்லுதேம்லா!"

துடைத்தேன். அன்றைக்கே அந்தப் பாத்திரத்தை எங்கேயோ அனுப்பிவிட்டார்.

வெடியில் செத்தவர்களில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை என்றுதான் பேப்பரில் வந்தது. பிள்ளையைக் காணோம் என்று தேடிக்கொண்டும் யாரும் வரவில்லை. நான் இப்போதும் அமாவாசைக்கு அக்காவுக்கு இலை போடும்போது பக்கத்தில் ஒரு சின்ன இலையும் போடுகிறேன். சாப்பிடப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமே, என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது?