தலைவர் விமானத்தை மட்டும் பெரிதாகச் செய்தேன்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், விருத்தாசலத்தில் உள்ள என் பீங்கான் பட்டறையில் நடந்தது இது. அதற்கு முன் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒரு தகரக் கொட்டகை போட்டேன். அதில் நானே செங்கல் அடுக்கி ஒரு சூளை கட்டினேன். அது இடிந்தது, இன்னொன்று கட்டினேன். இன்று கேஸில் எரிவது மூன்றாவது. மண் அரைக்கும் இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்துவந்து, எந்த மெக்கானிக்கும் இல்லாமல் ஓட வைத்தேன். ஒரு மழைக்காலத்தில் அச்சுகள் மொத்தமும் ஊறிக் கரைந்தன. எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கொரோனா சமயத்தில் கொலு பொம்மை கேட்டு ஒரு ஆள் வரவில்லை. அப்போதும் கதவைச் சாத்தவில்லை. என்னிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். கரண்ட் கம்பங்களில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் பீங்கான் குமிழ்களில் எத்தனையோ என் சூளையில் வெந்தவை. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது.

இது எனக்கு நெடுநாள் குறை. அதனால்தான் அந்தப் பெண் வந்தபோது அப்படிக் கேட்டேன்.

சென்னையிலிருந்து வந்திருந்தாள், முப்பது வயதிருக்கும். விமானப்படையில் ஒன்பது விமானங்களை ஒட்டினாற்போல ஓட்டி வானத்தில் சாகசம் காட்டுகிற குழு உண்டல்லவா, அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாளாம். அந்தக் குழுவில் பறந்த ஒருவர் மேசை முன் உட்கார்ந்து, சின்ன விமானங்களைக் கையால் நகர்த்தி, யார் எங்கே பறப்பார் என்று விளக்குகிற காட்சி அதில் வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்து பார்த்திருக்கிறாள். காமிரா வெளிச்சத்தில் திருவிழாக் கடைச் சாமான் போலத் தெரிந்ததாம், ஃபேன் போட்டால் நகர்ந்துபோனதாம். கனமும் வேண்டும், பளபளப்பும் வேண்டும் என்று பீங்கானைத் தேடி எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள்.

எடுத்தவரைக்கும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒன்பது விமானமும் ஒரே தட்டில் ஒட்டிவைத்ததுபோலத் தலைகீழாகப் புரண்டு வந்தன. சூளையில் இரண்டு கோப்பைகளுக்கு நடுவே விரல்கடை இடம் விடுவோம். உரசினால் மேல்பூச்சு உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் போச்சு. அசையாத கோப்பையை அடுக்கவே எனக்கு அத்தனை கவனம் தேவைப்படுகிறது. இவர்கள் அந்த வேகத்தில் பறந்துகொண்டே இடைவெளி காக்கிறார்கள். அன்றைக்கே அவர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"கவலைய வுடு பாப்பா. ஒம்போது என்ன, தொண்ணூறு செஞ்சு தரேன். படம் முடியறப்ப பேரு ஓடும்ல, அதுல என் பேரும் ஓடணும். அது போதும்" என்றேன்.

"உங்க விமானம் படத்துல வந்தா உங்க பேரும் வரும்யா. அது என் பொறுப்பு" என்றாள்.

வேலையில் இறங்கினேன். அவள் கொடுத்த படங்களைப் பார்த்து அச்சு எடுத்து, களிமண் கூழ் ஊற்றி, காயவைத்து, பிசிறு தேய்த்தோம். எங்கள் பட்டறையில் பொம்மைகளுக்கு முகம் எழுதுகிற அம்மா ஒருவர் இருக்கிறார், கம்மாபுரத்துக்காரர். வாலில் கோடு போட்டது அவர்தான். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. கல்யாண ஊர்வலப் பொம்மை செட்டில் மாப்பிள்ளையை மட்டும் கட்டைவிரல் அளவு உயரமாகச் செய்வோம். அதுதான் மரியாதை, கொலுப்படியில் தனியாகத் தெரியும். முன்னால் பறக்கிற தலைவரும் மற்றவர்கள் அளவிலேயே இருந்தால் நன்றாகவா இருக்கும்? யாரையும் கேட்கவில்லை. தனி அச்சு எடுத்து, தலைவர் விமானத்தை இரண்டு விரல்கடை நீளமாகச் செய்தேன்.

சொன்ன நாளில் அந்தப் பெண் காமிரா ஆட்களோடு வந்தாள். கூடவே அந்தக் குழுவில் பறந்து ஓய்வுபெற்ற விமானி ஒருவர், தென்மாவட்டத்துக்காரர். நான்கு மணி ரயிலில் கிளம்பி, அடுத்த நாள் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாராம். ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். எங்கள் பட்டறையிலேயே மேசை போட்டு அன்றைக்குள் எடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு.

"சார் தலைவரா பறந்தவரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கய்யா. இடது ஓரம்" என்றார் அவர்.

உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆனது.

துணியை விலக்கிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து இறக்கையைத் தடவினார். "எங்க வண்டியேதான்" என்றார். அடுத்து பெரியதைத் தூக்கினார். "இது யாருங்க?"

"தலைவர் சார்."

அவர் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "எல்லாம் ஒரே அளவு விமானம்தான்யா. பக்கத்து விமானம் கண்ணுக்கு எவ்வளவு பெருசா தெரியுதோ, அத வச்சுதான் எவ்வளவு கிட்ட இருக்கோம்னு பாப்போம். இது பெருசா தெரிஞ்சா, ரொம்ப நெருங்கிட்டோம்னு நான் ஒதுங்குவேன். நான் ஒதுங்கினா, என்னப் பாத்து பின்னாடி வர்றவனும் தடம் மாறி இடிப்பான்."

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "சின்ன அச்சுல இன்னொண்ணு இருக்குமாய்யா?"

கூடுதலாகச் செய்த இரண்டும் சூளையில் வெடித்திருந்தன. புதிதாக ஊற்றிக் காய்ந்து வெந்து வர நான்கு நாள் ஆகும். காமிராக்காரர் பையை இறக்கி வைத்தார். விமானம் படத்தில் வந்தால்தான் என் பெயர். நானே அதைக் கெடுத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் நான் செய்த பொருளையே எடுத்துத் துணிக்கடியில் மறைத்தேன். என் பட்டறையில் அது முதல் தடவை.

அப்போது முகம் எழுதுகிற அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "ஒரு பொம்ம கொறையுதுன்னா ஆளுங்க நின்னா ஆவாதா? மொதலாளியோட சேத்து நாங்க ஒம்போது பேரு இருக்கோம். நகத்தறதுக்குப் பதிலா நடந்துட்டுப் போறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த விமானி மட்டும் சிரிக்கவில்லை. "நாங்களும் அதத்தாம்மா செய்வோம். பறக்கறதுக்கு முன்னாடி தரையில வரிசையா நடந்து பாத்துட்டுத்தான் ஏறுவோம்" என்றார்.

முன்னால் ஒருவர், அவருக்குப் பின் இரண்டு பேர், அடுத்து மூன்று, மறுபடி இரண்டு, கடைசியில் ஒருவர் என்று அவர் எங்களை நிறுத்தினார். முன்னிடத்தில் யாரும் சொல்லாமலே நான் போய் நின்றேன். "தலைவர் திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பறதுக்கு முன்னாடி குரல் கொடுக்கணும். மத்தவங்க தங்களுக்கு முன்னாடி இருக்கற தோளத் தவிர வேற எதையும் பாக்கக் கூடாது" என்றார். இதில் என்ன இருக்கிறது, எத்தனை பேரை மேய்த்தவன் நான் என்று நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னால் சரியாக வருகிறார்களா என்று சந்தேகம். பார்க்காமல் எனக்கு எப்போது இருப்புக் கொண்டது? தலையைத் திருப்பினேன். தோளும் சேர்ந்து திரும்பியது. எனக்குப் பின்னால் வலப்பக்கம் வந்த பட்டறைப் பெண் சொன்னபடியே என் தோளைப் பார்த்துத் திரும்பி, நேராகக் கோப்பைகள் காயவைத்திருந்த பலகையில் மோதினாள். இன்னும் சூளையில் வைக்காத ஒரு பலகைப் பச்சைக் கோப்பைகள் தரையில் மாவாயின.

"ஏம்மா, கண்ணு தெரியல?" என்று கத்தினேன்.

"உங்களத்தான மொதலாளி பாத்துட்டு வந்தேன்" என்றாள் அவள்.

விமானி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அவங்க சரியாத்தான் வந்தாங்க. மேல இது நடந்தா தலைவர் பின்னாடி எட்டுப் பேரும் போவோம். அவரு நம்மளப் பாக்க மாட்டாரு. நாம இருக்கோம்னு நம்புவாரு. எங்களுக்கும் அவரு மேல அதே நம்பிக்கைதான்."

தரையைப் பெருக்கினார்கள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. நானே அந்த அம்மாவிடம் போய், "நீ முன்னால நில்லும்மா" என்றேன்.

"தப்பா நடந்தா ஒதச்சிட மாட்டீங்களே?" என்றார்.

"நடம்மா."

நான் கடைசியில் போய் நின்றேன். அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பொம்மைக்குக் கண் எழுதுகிற அதே நிதானத்தில் நடந்தார். "வலது திரும்பப் போறேன். இப்ப." எட்டுப் பேரும் சேர்ந்து திரும்பினோம். சூளையைச் சுற்றி, வாசல் வழியாக வெளியே போய், பழைய சூளைக்கு வாங்கிய விறகு அடுக்கி வைத்த பக்கமாக வளைந்து உள்ளே வந்தோம். தோளுக்குத் தோள் ஒரு முழம்தான் இடைவெளி. யாரும் யாரையும் உரசவில்லை. பரண்மேல் ஏறிக் காமிராக்காரர் எடுத்தார். முடித்து நின்றபோது விமானி ஷூக்களின் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று அந்த அம்மாவுக்கு சல்யூட் வைத்தார். அந்த அம்மா முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டு கையைக் கூப்பினார். விமானி அதற்குப் பிறகு மேசை முன் உட்கார்ந்து, எங்கள் நடையை வைத்தே பறப்பதை விளக்கினார். நான்கு மணி ரயிலுக்கு நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

சரியான அளவில் ஒன்பதாவது விமானத்தை அடுத்த வாரமே செய்து அனுப்பினேன். அந்தப் பெண் அதைச் சேர்த்து மேசைமேல் வைத்துத் தனியாக எடுத்துக்கொண்டாள். பெரிய விமானம் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கக் கிடக்கிறது.

படம் முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் போன மாதம் போன் செய்தாள். பட்டறை நடை நன்றாக வந்திருக்கிறதாம். கடைசியில் "விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர்களுக்கு நன்றி" என்று போடப்போகிறாளாம். அது ஆகாது. அவள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள், அதனால் எல்லாரும் பார்க்க இங்கேயே எழுதுகிறேன். அச்சு எடுத்தது நான், சூளை என்னுடையது, தப்புச் செய்ததும் நான்தான். ஆனால் முன்னால் நின்றே காலத்தை ஓட்டிய எனக்கு என்னிடம் வேலை செய்கிற எட்டுப் பேரும் ஒருசேரக் கண்ணில் பட்டது அந்தக் கடைசி இடத்தில் நின்றபோதுதான், ஆகவே நடந்த வரிசையிலேயே ஒன்பது பேர் பெயரும் ஓடட்டும், கடைசியில் வருகிறது என்று என் பெயரின் எழுத்தை மட்டும் சிறிதாக்கிவிட வேண்டாம்.